நிற்கத் தெரியாதவள்

இறந்துபோன பெண்ணைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் "நல்லா இருக்காங்க" என்று சொல்வதில்லை. செங்கல்வராயனின் கைப்பேசியில் அன்று முற்பகல் பேசிய பெண் அப்படித்தான் சொன்னாள்.

"சுபஸ்ரீ அக்கா அப்பாங்களா? நான் திவ்யா அங்கிள். அக்காகூட லேபுல இருந்தேன். அக்காவோட செல்ஸ் நல்லா இருக்காங்க... இருக்கு. அது விஷயமா உங்க கையெழுத்து ஒன்னு வேணும்."

இருக்காங்க என்றவள் ஏதோ தப்பாய் மிதித்துவிட்டவள் போல இருக்கு என்று திருத்திக்கொண்டாள். அந்தத் திருத்தம்தான் அவருக்கு முதுகில் சில்லென்று இறங்கியது. கரையில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. காயப்போட்ட நெத்திலியின் வாசனையும், ஃபைபர் படகுகளுக்குப் பூசிய பசையின் நெடியும், ஏரிப் பக்கமிருந்து வரும் சேற்று வாடையும் கலந்து மூக்கில் ஏறின. எதிரில் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வலை விவகாரம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார்.

"எந்த சுபஸ்ரீ?" என்று கேட்டார். அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

அவருக்கு ஒரே மகள். பழவேற்காட்டைச் சுற்றிய குப்பங்களில், அத்தனை படித்த பெண் வேறு வீட்டில் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து, ஊர் பார்க்கத் தாம்பூலம் மாற்றிக்கொண்டார். மறுநாள் விடியலில் அவள் பொன்னேரிக்குப் போகும் முதல் பஸ்ஸில் ஏறி, சென்னையில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் சேரப் போய்விட்டாள். போவதற்கு முன் சொன்னாள், சொல்லாமல் போகவில்லை. "நீ கொடுத்த வாக்குக்கு நான் இன்னா பண்ணட்டும் நைனா?" என்றாள். பஞ்சாயத்தில் முதல் ஆளாக உட்காருகிறவரின் வாக்கு அப்படிக் கரையில் கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் சும்மா போகவில்லை. "ஊருக்கு ஞாயம் சொல்றவரு வூட்டுல ஞாயமே இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவன் திரும்பாமல், உடலும் ஒதுங்காமல் போனால், வைக்கோலில் ஆள் செய்து, அவன் உடுத்திய துணியைச் சுற்றிக் கரையில் கொள்ளி வைப்பார்கள். செங்கல்வராயன் மகளின் துப்பட்டாவை வைக்கோலில் சுற்றினார். நல்ல உச்சிவெயிலில், ஊர் கூடி நிற்க, உயிரோடு இருக்கிற பெண்ணுக்குக் கொள்ளி வைத்துத் தலை முழுகினார். "எனக்குப் பொண்ணு கெடையாது" என்றார். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அவர் மனைவி தேவகிதான் மணலில் தலையை மோதிக்கொண்டாள்.

எட்டு மாதத்துக்கு முன்பு டெங்குக் காய்ச்சலில் நாலே நாளில் மகள் நிஜமாகவே போனாள். விடுதியிலிருந்து தகவல் வந்ததும் தேவகி புடவை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவர் குறுக்கே நின்றார். "ஒருத்திக்கு ரெண்டு வாட்டி கொள்ளி வெக்கிற வழக்கம் நம்ம கரையில கெடையாது" என்றார். கூடப் படித்தவர்கள் மின்மயானத்தில் எரித்தார்கள். அன்றிலிருந்து தேவகி அவரோடு பேசவில்லை. சோறு வைப்பாள். தண்ணீர் வைப்பாள். அவர் இருக்கும் பக்கம் பார்க்கமாட்டாள். எட்டு மாதமாக அந்த வீட்டில் பாத்திரம் வைக்கும் சத்தம் மட்டும்தான்.

"எந்த சுபஸ்ரீ?" என்று கேட்டவர் அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினார்.

ஆராய்ச்சி நிலையத்தில் எல்லாம் வெள்ளையாக, குளிராக இருந்தது. மருந்துக்கடை வாசனையும் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. இளஞ்சூடான, இனிப்பான வாசனை. கைக்குழந்தையின் உச்சந்தலையில் வருவது. அது எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்கவில்லை.

திவ்யா சின்னப் பெண். கண்ணாடி போட்டிருந்தாள். 'அங்கிள்' என்று அழைத்தாள், அது அவருக்குப் பொறுக்கவில்லை, ஆனாலும் சகித்துக்கொண்டார். நுண்ணோக்கியின் முன்னால் உட்காரவைத்தாள்.

"முதல்ல இது பாருங்க அங்கிள். எலிக்குட்டியோட தோல் செல். பக்கத்து செல்லைத் தொட்டதும் அப்படியே நின்னுடும். அதுக்கு மேல பெருகாது."

செங்கல்வராயனுக்கு அது சட்டென்று புரிந்தது. ஏரியில் ஒருவன் முறைக்கு விட்ட பாட்டுக்குள், அவனுக்கென்று ஒதுக்கிய நீருக்குள், இன்னொருவன் வலை விடக் கூடாது. எல்லை வந்தால் நிற்க வேண்டும். நாற்பது வருஷமாக அவர் சொல்லிவந்த ஞாயம் அதுதான்.

"இப்ப இது." அவள் தட்டை மாற்றினாள். "இதுல வைரஸ் போட்டது. ஹெர்பெஸ்னு ஒரு குடும்பம். சின்னம்மை, அக்கி எல்லாம் அந்தக் குடும்பந்தான். அது உள்ள போனதும் சில செல் ஆளே மாறிடும். பக்கத்துல ஆள் இருக்குன்னு தெரியாது. நிக்கத் தெரியாது. ஒன்னு மேல ஒன்னு ஏறிக்கிட்டே போகும்."

வட்டத்துக்குள் அவை குவியல் குவியலாக இருந்தன. நசுங்கி, ஏறி, பிதுங்கி. கரையில் ஒதுங்கிய மீன்முட்டை மாதிரி.

"சுபாக்கா இதுலதான் வேலை செஞ்சாங்க. மனுஷ ரத்தம் வேணும்னப்ப அவங்க ரத்தத்தையே எடுத்தாங்க. அதே குடும்பத்துல இன்னொரு வைரஸ் இருக்கு, நம்ம எல்லார் உடம்புலயும் சின்ன வயசுலயே வந்து சத்தமில்லாம தங்கிக்கும். அதை அந்த ரத்தத்தோட சேர்த்து வளர்த்தாங்க. சும்மா வச்சிருந்தா கொஞ்ச நாள்ல செத்துடுற செல். இப்ப சாகாது. சாப்பாடு ஊத்துனா ஊத்துனபடி பெருகும்."

"என்னைக்கு வரைக்கும்?"

அவள் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "நாம நிறுத்தற வரைக்கும் அங்கிள்" என்றாள்.

வெதுவெதுப்பாக வைத்திருக்கும் அலமாரியைத் திறந்து கொண்டு வந்தாள். உள்ளங்கையளவு தட்டையான குடுவை. உள்ளே ரோஸ்மில்க் நிறத்தில் கொஞ்சம் திரவம். அதன் அடியில் வெள்ளையாய்ப் பொடிப்பொடியாய்க் கட்டிகள். வெறும் கண்ணுக்கே தெரிந்தன. மூடியில் ஒரு சீட்டு. சுபஸ்ரீ செ. என்று அவள் கையெழுத்தில்.

அவர் மகள் அந்தச் 'செ'யை விடவில்லை. அவர் அவளை எரித்த பிறகும் அவள் அவர் எழுத்தை விடவில்லை.

படிவத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் கையெழுத்திட்டால் வைத்திருப்பார்கள், கேட்கிற ஊர்களுக்கெல்லாம் பங்கிட்டு அனுப்புவார்கள். இன்னொன்றில் இட்டால் குளோரின் ஊற்றி அழித்துவிடுவார்கள். தன் பெண்ணின் உடம்பு யார் யாரோ கையில், பெயர் தெரியாத ஊர்களில். அதற்கு அவர் கை எழவில்லை. அழிக்கச் சொல்லிப் போடலாம் என்று பேனாவை வைத்தார். அதற்கும் எழவில்லை. ஒருமுறை வைத்த கொள்ளியே இன்னும் கையில் சுட்டுக்கொண்டிருந்தது.

"நான் கூட்டிகினு போறேன்" என்றார்.

"அங்கிள், அது முடியாது. தரக் கூடாது. என் வேலையே போயிடும்."

"உன்னக் கேக்கலம்மா. என் பொண்ண கூட்டிகினு போறேன்னு சொல்றேன். முகத்துவாரத்துல வெச்சு செய்ய வேண்டியதச் செஞ்சு அனுப்பிடறேன். அவளுக்கு நான் ஒன்னும் செய்யல."

இந்தக் கடைசி வரியை அவர் யாரிடமும் சொன்னதில்லை. திவ்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு மூடியை இறுக்கித் திருகி, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றி, ஒரு தெர்மகோல் பெட்டியில் வைத்தாள்.

"திறக்காதீங்க. தண்ணியில விடாதீங்க, நெருப்புல போட்டுடுங்க. எப்படியும் வெளிய ரெண்டு நாள் தாங்காது. சூடு இல்லன்னா செத்துடும். ரோஸ் கலரு மஞ்சளானா பசின்னு அர்த்தம்."

ரயிலில் மீஞ்சூர் வரை அவர் பெட்டியை மடியில் வைத்திருந்தார். ஜன்னல் காற்று சில்லென்று வந்தது. சூடு இல்லாவிட்டால் செத்துவிடும் என்றாளே. அனுப்பி வைக்கத்தானே கொண்டுபோகிறோம், இதில் என்ன பதைப்பு என்று தன்னையே கடிந்துகொண்டார். பொன்னேரி வருவதற்குள் பெட்டியைத் திறந்து, குடுவையை எடுத்துச் சட்டைக்குள், வயிற்றோடு வைத்துக்கொண்டார். அவள் பிறந்த வருஷம் மார்கழியில் இப்படித்தான் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். பஸ்ஸில் ஒரு கிழவர் இடம் கொடுத்து, "இன்னா அண்ணாத்தே, வயித்து வலியா?" என்றார். "ஆமாம்" என்றார்.

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு அது. ஒரு கூடம், ஒரு உள்ளறை, ஒரு அடுப்படி. கூரையில் மின்விசிறிக்கு விட்ட இரும்புக் கொக்கி உள்ளறையில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். தேவகி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டைக்குள்ளிருந்து எடுத்ததைப் பார்த்தாள். எட்டு மாதம் கழித்து வாயைத் திறந்தாள்.

"இன்னா அது?"

அவர் சொன்னார். தெரிந்தமட்டும் சொன்னார். செத்துப்போகவேண்டிய ரத்தம், சாகவில்லை, பெருகுகிறது. சொல்லச் சொல்ல அவள் கையிலிருந்த இறால் கீழே விழுந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து குடுவையை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"சூடா கீறா" என்றாள்.

"காலையில முகத்துவாரத்துக்கு எடுத்துகினு போயி..."

"போயி?"

"அனுப்பிடணும்."

"யோவ். நீ ஊருக்குப் பெரிய மனுஷன்தானே? துளசிங்கத்துக்கு இன்னா ஞாயம் சொன்ன?"

துளசிங்கம் ஆறு வருஷத்துக்கு முன்பு படகோடு காணாமல்போய், பத்தொன்பது நாள் கழித்து, ஆந்திரக் கரையில் ஒதுங்கித் திரும்பி வந்தவன். அதற்குள் அவனுக்கு வைக்கோல் ஆள் செய்து எரித்தாகிவிட்டது. எரித்தவன் திரும்பி வந்தால் அப்படியே வீட்டுக்குள் சேர்க்க முடியாது. புதிதாய்ப் பிறந்தவனாகத்தான் சேர்க்க வேண்டும். பெரிய வலையைத் தூளியாகக் கட்டி அவனைக் கிடத்தினார்கள். நாலு பேர் ஆட்ட, உதட்டில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு, காதில் பெயரை மூன்று முறை சொன்னவர் செங்கல்வராயன்தான். "சர்க்கரத் தண்ணி வேணாம் மாமா, ஒரு பீடி குடு" என்று துளசிங்கம் வலைக்குள்ளிருந்து கேட்டு, ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

"நீதான் எரிச்ச. உசுரோட வந்துகிறா. உன் வழக்கம்தான் சொல்லுது. ஊரான் புள்ளைக்கு ஒரு ஞாயம், உன் பொண்ணுக்கு ஒரு ஞாயமா?"

தேவகி குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவர் மறுத்திருப்பார். வழக்கத்தைச் சொல்லி அவரை மடக்க யாராலும் முடிந்ததில்லை, ஏனென்றால் வழக்கத்தை அவர் மீறியதில்லை. இப்போது அதுவே அவர் கழுத்தைப் பிடித்தது. அதோடு ஒன்று, அதைச் சொல்லாமல் விட முடியாது. அவருக்கு ஆசையாக இருந்தது.

உள்ளறைக் கொக்கியில் தேவகி தன் பழைய நூல்புடவையைத் தூளியாகக் கட்டினாள். குடுவையை அதில் கிடத்தினாள். திவ்யா சுற்றிய நாடாவைப் பல்லால் கடித்து அவிழ்த்து, மூடியைத் திறந்து, விரல் நுனியால் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டாள். அந்த வாசனை வந்தது. பச்சைக்குழந்தையின் உச்சந்தலை.

செங்கல்வராயன் குனிந்தார். காது எங்கே என்று தேடினார். பிறகு திறந்த குடுவையின் வாயில் தன் வாயை வைத்து, "சுபஸ்ரீ" என்றார். "சுபஸ்ரீ." "சுபஸ்ரீ."

இரண்டு நாள் தாங்காது என்றாள் அந்தப் பெண். மூன்றாம் நாள் தூளி கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

தேவகி அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாடு வேண்டும் என்றால் மட்டும் குரல் கொடுப்பாள், தனக்கு அல்ல. முதலில் சர்க்கரைத் தண்ணீர். பிறகு பால். பிறகு கறிக்கடையிலிருந்து ஆட்டு ரத்தம் வாங்கி வரச் சொன்னாள். அவர் வாங்கி வந்தார். துணிப் பையில் மறைத்து, தலை நிமிர்ந்து, யாரும் எதுவும் கேட்க முடியாதபடி கரையோரமாக நடந்து வந்தார். கதவைக் கொஞ்சமாகத் திறந்து கையை நீட்டி வாங்கிக்கொண்டு மூடிவிடுவாள். மூடுவதற்குள் உள்ளிருந்து வெதுவெதுப்பான ஆவி முகத்தில் அடிக்கும். வெளியே குளிர்ந்த கொண்டல் காற்று வீசும் காலத்திலும் அந்தக் கதவைத் தொட்டால் காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டதுபோல் இருந்தது.

கூடத்தில் உட்கார்ந்திருப்பார். கடலின் இரைச்சல் ஒரு பக்கம் வரும். அதற்குக் கீழே இன்னொரு சத்தம், முதலில் அவர் கொக்கியின் கிறீச் என்றுதான் நினைத்தார். கொக்கி கிறீச்சிட்டது உண்மைதான், நாளுக்கு நாள் அதிகமாகவே. ஆனால் அதற்கும் அடியில் ஈரமாய் ஏதோ நகர்ந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது போல, கூடை நிறைய உயிர் இறால் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு புரள்வது போல, ஓயாத ஒரு சலசலப்பு இருந்தது. தேவகி பாடுவதும் கேட்டது. எட்டு மாதம் பேசாத வாய் பாடியது. அதைக் கேட்கத்தான் அவர் அங்கிருந்து எழாமல் உட்கார்ந்திருந்தார். பயம் ஒரு கண்ணில், ஆறுதல் ஒரு கண்ணில்.

ஆறாம் நாள் முற்பகல் பக்கத்து வீட்டுத் திரௌபதி குழம்புக் கிண்ணத்தோடு வந்தாள். சாத்திய உள்ளறைக் கதவைப் பார்த்தாள். பாட்டைக் கேட்டாள்.

"இன்னா அண்ணே, தாலாட்டு கேக்குது? இந்த வயசுல அண்ணிக்குக் கொழந்த கீதா?" என்று சிரித்தாள்.

"உடம்பு செரியில்ல அவளுக்கு."

"அதான் ஒரு வாரமா தண்ணிக்கே வர்லியா? சொல்லி அனுப்புனா நான் வந்து பாத்துக்க மாட்டனா? ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுவ, வூட்டு விஷயம்னா மட்டும் கதவ சாத்திக்குவ." பேசிக்கொண்டே வந்தவள் கதவருகில் நின்றாள். சிரிப்பு அப்படியே முகத்தில் காய்ந்துபோனது. "இன்னா அண்ணே வாசன இது? பால் வாசன... ரத்த வாசன..."

உள்ளே பாட்டு நின்றது. சலசலப்பும் நின்றது. இரண்டும் ஒரே நேரத்தில். கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ உற்றுக் கேட்டது.

திரௌபதி கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள். வாசலைத் தாண்டும்வரை நடந்தாள், தாண்டியபின் ஓடினாள்.

அவள் வாய் சும்மா இருக்காது. சாயந்தரத்துக்குள் ஊர் வரும். நாற்பது வருஷம் எல்லோர் வீட்டு வழக்கையும் தீர்த்தவர் வீட்டுக் கதவை ஊர் உடைக்கும். உடைத்து என்ன பார்க்கும்? அவர் கைப்பேசியை எடுத்து திவ்யாவை அழைத்தார்.

"முடிச்சிட்டீங்களா அங்கிள்?" என்றாள் அவள் எடுத்ததும்.

"அது வெளிய வந்தா எங்க நிக்கும்மா?"

"எது?" அவள் குரல் மாறியது. "ரெண்டு நாள்லயே செத்திருக்குமே. வெளிய அது வளராது அங்கிள். வளரவே முடியாது. மஞ்சளாயிடுச்சா?"

"நான் கேட்டதுக்குச் சொல்லு. எங்க நிக்கும்?"

"நிக்காது. அதானே அங்கிள் அதுக்கு ஆன சீக்கே. சாப்பாடு இருக்கிற வரைக்கும் நிக்காது." பிறகு மெதுவாக, "அங்கிள்... நீங்க திறந்தீங்களா?"

அவர் கைப்பேசியை அணைத்தார்.

மண்ணெண்ணெய் டப்பா அடுப்படியில் இருந்தது. தீப்பெட்டி இருந்தது. மனசில் ஒரு தீர்மானமும் வந்தது. அனுப்புவதற்கும் அவர்கள் கரையில் ஒரு வார்த்தை உண்டு. கொள்ளி வைக்கிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வூட்டப் பாக்காத, போய்ச் சேரு" என்று ஒரே ஒரு முறை சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் போனவர் போய்விடுவார். உயிரோடு இருந்த பெண்ணை அதைச் சொல்லித்தான் விரட்டினார். இன்றைக்குச் சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு அவர் செய்யக்கூடியது இனி அந்த ஒன்றுதான்.

கதவைத் தள்ளினார். அது திறக்க மறுத்தது. பூட்டவில்லை. பின்னால் ஏதோ மெத்தென்று அண்டக் கொடுத்திருந்தது. தோளால் தள்ளினார். ஈரத்துணி பிரிவதுபோல் பிரிந்து, கதவு திறந்தது.

வெளியே நல்ல வெயில். உள்ளே ஜன்னல் மூடிக் கிடந்தது. ஜன்னலை யாரும் மூடவில்லை, சதை வளர்ந்து அடைத்திருந்தது. வெளிச்சம் அதற்குள் புகுந்து ரோஸ் நிறத்தில் வந்தது. உள்ளங்கையைச் சூரியனுக்கு நேரே பிடித்தால் விரலிடுக்கில் தெரியுமே, அந்த நிறம்.

தூளி இருந்த இடத்தில் தூளி இல்லை. கொக்கியிலிருந்து தரை வரை வெளுப்பாய், பருத்து, ஈரமாய்த் தொங்கியது. புடவையின் நூல் அங்கங்கே தெரிந்தது. அதன் பக்கத்தில் தேவகி உட்கார்ந்திருந்தாள். ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் கை தூளிக்குள் போயிருந்தது. முழங்கைவரை என்று பார்த்தார். தோள்வரை இருந்தது. எங்கே அவள் முடிகிறாள் என்று தேடினார். முடியவில்லை.

"தேவகி."

"சத்தம் போடாத" என்றாள் அவள். முகம் மலர்ந்திருந்தது. கல்யாணத்தன்றுகூட அவர் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. "வலிக்கல. அவளுக்குப் பசி. அவ்ளோதான்."

அவர் டப்பாவின் மூடியைத் திருகினார். ஒரு தீக்குச்சியை உரசினார்.

அந்த வெளிச்சத்தில் பார்த்தார்.

தூளியின் மேல். சுவரில். கூரையில். சிப்பிகள் என்று நினைத்தார். ஏரிச் சேற்றில் ஒட்டிக் கிடக்கும் பொடிச் சிப்பிகள். ஒன்றின் மேல் ஒன்று. இடமில்லாமல் நெருங்கி.

சிப்பிகள் இல்லை.

காதுகள்.

இன்னும் குத்தாத காதுகள். பிறந்த குழந்தையின் காதுகள். கடுகளவு சில. கட்டைவிரல் அளவு சில. மடல் விரியாதவை. விரிந்துகொண்டிருப்பவை. ஆயிரம் இருக்கும். அதற்கும் மேல் இருக்கும். மகளுக்கு வாய் இல்லை. கண் இல்லை. அவர் குனிந்து எதைத் தேடிப் பெயர் சொன்னாரோ, அது மட்டும் ஆகியிருந்தாள். அது மட்டுமே ஆகிக்கொண்டிருந்தாள்.

அத்தனையும் அவர் பக்கம் திரும்பின.

குச்சி எரிந்தது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. இருபத்தைந்து வருஷம் அவர் பேச, அவள் கேட்டாள். அவள் பேச, அவர் கேட்டதில்லை. இப்போதும் அவள் காத்திருந்தாள். நைனா என்ன சொல்வார் என்று. என்ன சொன்னாலும் கேட்பாள். போகச் சொன்னால் போய்விடுவாள். அது அவருக்குத் தெரிந்தது. ஒரே ஒரு முறை. வீட்டைப் பார்க்காதே.

வாயைத் திறந்தார்.

வெளியே ஊரார் வரும் சத்தம். திரௌபதியின் குரல். "அண்ணே! அண்ணே, கதவத் தொற!"

அறையில் ஒரு காதுகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். திருப்ப முடியவில்லை. நாற்பது வருஷம் ஊருக்குத் தீர்ப்புச் சொன்ன நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தீ விரலைத் தொட்டது. சுட்டது. அணைந்தது.

"சுபாம்மா" என்றார்.

அவ்வளவுதான் வந்தது.

ரோஸ் இருட்டில் அத்தனை மடல்களும் ஒரே நேரத்தில் சிலிர்த்தன. பிறகு அந்தச் சத்தம் தொடங்கியது. ஏறும் சத்தம். ஈரமாக. வேகமாக. கொக்கி கிறீச்சிட்டது.

தேவகி சிரித்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினாள். அவள் கன்னத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே, தோல் மெல்ல மடங்கி, மடல் பிரிந்து, சின்னதாக ஒன்று திறந்துகொண்டிருந்தது.

அவர் அடுத்துச் சொல்லப்போவதைக் கேட்க.